பசி டானிக் இருக்கட்டும், மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. யாங்கோனில் எங்களோடு இருக்கிறார். இரண்டு மாதமாகச் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்கிறார். மோகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய அரிசி நூடுல்ஸ்) என்றால் உயிர்; இப்போது அதுவும் இரண்டு கரண்டியோடு சரி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் இன்னொரு மாத்திரையும் போடுகிறார். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். பசி எடுக்க டானிக் சொல்வீர்களா?

பதில்: டானிக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் அம்மா போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டுங்கள்.

மெட்ஃபார்மின் குமட்டலைத் தரும். சாப்பாட்டோடு போட்டால் கொஞ்சம் தணியும். அம்மா சாப்பிடுவதே இரண்டு கரண்டி என்றால் எப்படித் தணியும்? வருடக்கணக்காக ஒத்துக்கொண்ட அளவுகூட, சிறுநீரகம் தளர்ந்தபின் அதிகமாகிவிடலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

எனக்குக் கவலை அந்த ‘இன்னொரு மாத்திரை’தான். அது கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு வகை என்றால், சரியாகச் சாப்பிடாதவருக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால், விழுங்கும் நிலையில் இருக்கும்போதே மூன்று நான்கு டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அந்த மாத்திரையைப் பற்றி எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.

அடுத்து பொட்டலம். பெயரே இல்லாத மாத்திரைகள்! டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து இருந்தால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் வேறு சிக்கல்: நாள் தவறாமல் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் அதனாலேயே குமட்டும், ஆளும் துவண்டுபோவார். ஆகவே தூக்கி எறியாமல், பொட்டலத்தோடு மருத்துவரைப் பாருங்கள். பல்செட், வாய்ப்புண், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் அவர் பார்க்கட்டும்.

பசி மருந்து என்று கடைகளில் தரும் சைப்ரோஹெப்டாடின் இந்த வயதில் வேண்டாம். தூங்கி வழிவார்கள், தடுமாறி விழுவார்கள், மலம் இறுகும். அப்புறம் எங்கே பசிக்கும்?

எடை பாருங்கள். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 3 கிலோ இளைத்திருந்தால் தள்ளிப்போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போனாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, குமட்டலோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

மோகிங்காவை நிறுத்த வேண்டாம். சின்னக் கிண்ணத்தில், அவித்த முட்டையை மசித்துப் போட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். வீட்டில் எண்ணெய் காயும்போது அம்மாவை வாசல் பக்கம் காற்றோட்டமாக உட்காரவையுங்கள்.