கத்தரிக்குக் கருவண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரை ஏக்கரில் கத்தரி போட்டிருக்கிறேன். பூ நிறைய வைக்கிறது, பாதி உதிர்ந்துவிடுகிறது. மகரந்தச் சேர்க்கை போதவில்லை என்றார்கள். இரண்டு தேனீப் பெட்டி வாங்கி வைத்தும் ஒரு தேனீகூடக் கத்தரிப் பக்கம் திரும்பவில்லை. இந்த லட்சணத்தில் பக்கத்துப் பாகல் பந்தலின் மூங்கிலைக் கருவண்டு துளைக்கிறது. துளைக்குள் என்ன மருந்து ஊற்றலாம்?

க., ஒட்டன்சத்திரம்

அன்புள்ள க.,

ஊற்றிவிடாதீர்கள். பெட்டித் தேனீயிடம் நீங்கள் எதிர்பார்த்த வேலையைச் செய்வது அந்தக் கருவண்டுதான். அதுவும் தேனீ இனமே.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் பைக்குள் அடைபட்டுக் கிடக்கும். ஒவ்வொரு மஞ்சள் பையின் நுனியிலும் ஊசி குத்தியதுபோல இரண்டு ஓட்டை, அவ்வளவே வழி. கருவண்டு பூவைக் கால்களால் கவ்விக்கொண்டு, இறக்கையை அடிக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிடும். ‘ர்ர்ர்’ என்று கேட்கும். மகரந்தம் அதன் வயிற்றின்மேல் கொட்டும். பெட்டித் தேனீக்கு இது வராது. பெட்டிகள் வீணில்லை, பாகலுக்கு உதவும்.

ஆனால் உதிர்வதற்கெல்லாம் தேனீயைக் குறை சொல்ல முடியாது. பூவைத் திருப்பிப் பாருங்கள். நடுவிலுள்ள சூல்முடி (பெண் உறுப்பின் நுனி) மஞ்சள் பைகள் சேர்ந்த கூம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கிற பூ. உள்ளேயே புதைந்திருந்தால் யார் வந்தாலும் உதிரும். அந்த மாதிரிப் பூ அதிகமென்றால் வெயிலையும் உரத்தையும் கவனிக்க வேண்டும்.

பந்தலுக்கு வருவோம். கருவண்டு காய்ந்த கட்டையைத்தான் குடையும். பந்தல் மூங்கிலின் வெட்டு முனைகளை அடைத்து பெயிண்ட் அடித்தால் தொல்லை குறையும். பதிலுக்கு வேறு வீடு கொடுங்கள்: உள்விட்டம் 12 முதல் 15 மி.மீ. இருக்கும் மூங்கிலை ஓரடி நீளத்துக்கு, ஒரு முனையில் கணு வருமாறு நறுக்கி, பதினைந்து இருபதைக் கட்டாகக் கட்டுங்கள். நெஞ்சு உயரத்தில், கொட்டகை இறவாணத்துக்குக் கீழ், ஆடாமல், படுக்கைவாட்டில் வாய் சற்றே கீழே சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கி உள்ளிருக்கும் கருவண்டுப் புழு அழுகும். கட்டுக்கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு காலி செய்துவிடும். ஏற்கெனவே துளைபட்ட மூங்கிலை எரிக்காமல், இருட்டியபின் கழற்றிப் பக்கத்திலேயே கட்டுங்கள்.

கத்தரியில் தேன் இல்லாததால் கருவண்டுக்குச் சாப்பாடு வேறெங்காவது வேண்டும். வேலியோர எருக்கைப் பிடுங்காதீர்கள். நாலு வரி துவரையோ சணப்பையோ போடுங்கள். நீலப்பட்டைத் தேனீயும் கத்தரிப் பூவை இப்படி அதிரவைக்கும். அது மண்ணில் கூடு வைப்பதால் ஒரு வரப்பையாவது உழாமல், களைக்கொல்லி படாமல், மல்ச்சிங் ஷீட் மூடாமல் விட்டுவையுங்கள்.

‘பூச்சிமருந்தைச் சாயங்காலம்தானே அடிக்கிறேன்’ என்பது இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் விஷயத்தில் முழுப் பாதுகாப்பல்ல. செடிக்குள் ஊடுருவி மகரந்தம் வரை போகும் மருந்துகள் அவை. குருத்தையும் காயையும் குடையும் காய்த்துளைப்பான் புழுவுக்கு உங்கள் அரை ஏக்கரில் மூன்று இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள்; வாடிய குருத்துகளை வாரம் ஒருமுறை புழுவோடு கிள்ளி எரித்துவிடுங்கள். கிள்ளிய குருத்தை வரப்பில் போட்டால் புழு திரும்பச் செடிக்கே வந்துவிடும்.