மகிவாராவில் குத்தினால் மணிக்கட்டு வலிக்கிறதா?

கராத்தேயில் குத்திப் பழகும் பலகையான மகிவாராவில் குத்தினால் சுண்டுவிரல் பக்க முட்டியில் தோல் உரிகிறது, மணிக்கட்டும் வலிக்கிறது என்கிறீர்கள். கோளாறு பாதி பலகையில், பாதி கையில்.

ஒன்றரை அங்குலப் பலகையைச் சுவரோடு ஒட்டி போல்ட் போட்டிருக்கிறீர்கள். அது மகிவாரா இல்லை, சுவர்தான். வளையாத பலகை அடியின் அதிர்வை அப்படியே மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் திருப்பி அனுப்பும். கராத்தே பிறந்த ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இதை மண்ணில் நடுவதே அந்த வளைவுக்காகத்தான். ஏழடிப் பலகை எடுத்து இரண்டரை அடியைப் புதையுங்கள். அடியில் மூன்று அங்குலக் கனம், உச்சியில் அரை அங்குலம் வரும்வரை ஒரு பக்கமாக இழைத்துக்கொண்டே போங்கள். உள்ளங்கையால் தள்ளினால் உச்சி பின்னால் போய்த் திரும்ப வேண்டும். மேலே வைக்கோல் புரி சுற்றலாம் ('வாரா' என்றாலே வைக்கோல்தான்).

இனி கை. ஆள்காட்டி, நடுவிரல் முட்டிகள் மட்டுமே பட வேண்டும். சுண்டுவிரல் பக்கம் முதலில் பட்டால் மணிக்கட்டு மடங்கும். உங்களுக்கு நடப்பது அதுதான். குத்தாமல், முட்டியைப் பலகையில் வைத்து மெதுவாக உடல் எடையைச் சாயுங்கள். புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்கிறதா, தோள் தூக்குகிறதா என்று பாருங்கள்.

வலி முழுதும் போன பிறகு, கைக்குப் பத்து குத்து, பாதி வேகம், ஒருநாள் விட்டு ஒருநாள். வீடியோவில் ஆயிரம் குத்துகிறவரை விட்டுத்தள்ளுங்கள். தோல் கிழிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கட்டைவிரலை விரித்தால் அடியில் ஒரு பள்ளம் தெரியுமே, அங்கே அழுத்தினால் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.