பிடரிக் குழியை அழுத்துவது எப்படி?

கேள்வி: கணினி முன் நெடுநேரம் உட்கார்ந்தால் பின்தலை வலிக்கிறது. பிடரியில் உள்ள ஃபெங்ச்சி என்ற அக்குபிரஷர் புள்ளியை அழுத்தினால் குறையும் என்றார்கள். இரண்டு வாரமாக அழுத்துகிறேன். விரல்தான் வலிக்கிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் இடம் தவறியிருக்கும், அல்லது குனிந்தபடி அழுத்தியிருப்பீர்கள்.

ஃபெங்ச்சி என்றால் சீன மொழியில் ‘காற்றுக் குளம்’. உடலில் சக்தி ஓடுவதாக அந்த மரபு சொல்லும் பாதைகளுக்குச் சக்திநாளங்கள் என்று பெயர். அவற்றில் பித்தப்பை சக்திநாளத்தின் 44 புள்ளிகளில் இது 20-ஆவது. வெளிக்காற்று இங்கே புகுந்துதான் தலைவலியும் கழுத்துப் பிடிப்பும் ஜலதோஷமும் வருகின்றன என்பது சீன மரபு மருத்துவத்தின் விளக்கம். உடற்கூறுப்படி பார்த்தால், தலையைத் தாங்கும் சிறு தசைகள் இந்தக் குழியின் அடியில் இருக்கின்றன. திரையைப் பார்க்க முகத்தை முன்னே நீட்டும்போது இறுகுபவை அவைதான்.

காதுக்குப் பின்னால் துருத்தும் எலும்பில் கட்டைவிரலை வையுங்கள். மண்டையோட்டின் கீழ் விளிம்பை ஒட்டியே பிடரி நடுவை நோக்கி நகர்த்துங்கள். முதலில் ஒரு தசைமேடு தட்டுப்படும். அதைத் தாண்டியதும் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கும். அடுத்த தசை தொடங்குவதற்கு முன் இருக்கும் அந்தப் பள்ளம்தான் ஃபெங்ச்சி. சந்தேகம் இருந்தால் தலையை வலப்பக்கம் திருப்புங்கள். இடப்பக்கத் தசைமேடு புடைத்து எல்லையைக் காட்டிவிடும்.

இனி அழுத்தம். கைவிரல்களைக் கோத்துப் பின்தலையில் வைத்து, இரு கட்டைவிரல்களையும் பள்ளங்களில் பதியுங்கள். தலையைச் சற்றே பின்னால் சாயுங்கள். குனிந்தால் தசை விறைத்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்தினாலும் விரல் உள்ளே இறங்காது. நேராக முன்னோக்கி அழுத்தாமல், மண்டையோட்டின் விளிம்புக்கு அடியில் நுழைவதுபோல் மேல்நோக்கி, எதிர்ப்பக்கக் கண்ணைக் குறிவைத்து அழுத்துங்கள். மூச்சை விட்டபடி 5 முதல் 7 விநாடி. பிறகு மெல்லத் தளர்த்துங்கள். பத்து முறை போதும். மந்தமாக, கனமாக ஒரு வலி பரவினால் இடம் சரி. மின்சாரம் பாய்ந்ததுபோல் உச்சந்தலைவரை ‘சுரீர்’ என்றால் நரம்பின் மேல் விரல் பட்டிருக்கிறது, சற்று விலக்குங்கள்.

இது தசை இறுக்கத்தால் வரும் தலைவலிக்கு மட்டுமே. திடீரெனத் தாங்க முடியாத தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல், அடிபட்ட பின் வந்த கழுத்துவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் புள்ளியைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: முன்கழுத்தில் உள்ள ரென்யிங் புள்ளியையும் இப்படியே அழுத்தலாமா?

பதில்: கூடாது. குரல்வளைக்குப் பக்கத்தில், நாடி துடிக்கும் இடத்தில் இருக்கிறது அது. அங்கே அழுத்தினால் இதயத்துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். தமனியில் கொழுப்புப் படிந்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்தும் உண்டு. கழுத்தைப் பொறுத்தவரை நீங்களாகவே செய்துகொள்வது பின்பக்கத்தோடு நிற்கட்டும்.

கேள்வி: கர்ப்பிணிகள் ஃபெங்ச்சியை அழுத்தலாமா?

பதில்: மென்மையாக அழுத்தலாம், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. ஆனால் அப்படியே விரலை இறக்கித் தோள்மேட்டைப் பிசைய வேண்டாம். அங்குள்ள ஜியான்ஜிங் புள்ளியைக் கர்ப்ப காலத்தில் தொடக்கூடாது என்பது மரபு.