ரோசா பஸ்ஸுக்குள் வீடு: ஒரு பற்றரி மட்டும் ஏன் சாகிறது?

கேள்வி: இளைப்பாறிய பிறகு மிற்சுபிஷியின் பழைய ரோசா பஸ் ஒன்றை வாங்கி, கராச்சில் கொடுத்துக் கட்டில், குசினி, தண்ணீர்த் தாங்கி, 12 வோல்ற் பிரிட்ஜ் எல்லாம் பொருத்தினோம். பிரிட்ஜ் சாமம் இரண்டு மணிக்கு நின்றுவிடுகிறது. ஒரே பக்கத்துப் பற்றரியை ஒரு வருடத்தில் இரண்டு தரம் மாற்றிவிட்டோம். குழாயில் வரும் தண்ணீர் மணக்கிறது, வரத்தும் குறைவு. பின் யன்னலுக்குக் கீழே பலகை அமுங்குகிறது. நல்லூர்த் திருவிழா முடிய, கனடாவிலிருந்து வரும் மகள் குடும்பத்தோடு நுவரெலியா வரை போக எண்ணம். இன்னொரு சோலர் பனல் போட்டால் சரிவருமா? காஸ் சிலிண்டரை உள்ளே வைத்திருப்பது பிழையா?
— சுழிபுரம் வாசகர்

பதில்: பனலுக்கென்று எடுத்துவைத்த காசை இப்போதைக்குத் தொடாதீர்கள். "ஒரே பக்கத்துப் பற்றரி" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். ரோசா 24 வோல்ற் வண்டி. இரண்டு 12 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்துத்தான் அது ஓடுகிறது. பிரிட்ஜும் விசிறியும் 12 வோல்ற் என்பதால், அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்திருப்பார்கள். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை என்பதால் பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

விளைவு இதுதான். இரவில் ஒரு பற்றரி மட்டும் வடிகிறது. காலையில் என்ஜின் ஓடும்போது, அதோடு சுழன்று மின் தரும் ஒல்டனேற்றர் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தையே அனுப்புகிறது. வடியாத பற்றரி விரைவில் நிறைந்து, அதற்கு மேலும் ஏற ஏறக் கொதித்துத் தண்ணீர் வற்றுகிறது. வடிந்ததோ ஒருநாளும் முழுதாக நிறையாமல் தகடுகளில் சல்பேற் படிந்து சாகிறது. செத்ததை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

இதை நீங்களே உறுதிசெய்யலாம். காலையில் என்ஜினைத் தொடமுன், உள்ளே எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு மணி நேரம் விட்டு, மல்ரிமீற்றரால் இரு பற்றரிகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். நிறைந்த ஈய அமிலப் பற்றரி 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் வெறுமை. ஒன்று 12.7, மற்றது 12.1 என்று நின்றால் வேறு சாட்சி வேண்டாம்.

திருத்துவதற்கு, வண்டியின் இரண்டு பற்றரிகளையும் ஒரே நாளில், ஒரே வகையில் மாற்றி, என்ஜினுக்கு மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டுப் பகுதிக்குத் தனியாக ஒரு 12 வோல்ற் பற்றரி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் 24 இலிருந்து 12 வோல்ற்றுக்குச் சார்ஜ் செய்யும் டீசி-டீசி சார்ஜர் ஒன்று, 20 முதல் 30 அம்பியருக்குள் போதும். லொறியில் ரேடியோவுக்குப் போடும், வோல்ற்றைக் குறைக்கும் ரெடியூசரைக் காட்டி "இதுவும் அதுதான்" என்பார்கள், அது வேறு. ரெடியூசர் ஒரே அளவு வோல்ற்றைத் தந்துகொண்டிருக்கும். பற்றரி நிறைய 14.4 வோல்ற் வரை ஏற்றி, நிறைந்ததும் 13.6 அளவுக்கு இறக்க வேண்டும். சார்ஜர்தான் அதைச் செய்யும்.

எவ்வளவு பெரிய பற்றரி? கணக்குப் பார்ப்போம். வாற்றை 12 ஆல் வகுத்து, ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் அம்பியர்-மணி வரும். 50 வாற் பிரிட்ஜ் நமது வெக்கைக்கு நாளின் அறுபது வீதம் ஓடும் என்று வைத்தால் 60 அம்பியர்-மணி. 15 வாற் விசிறி இரண்டு, பத்து மணி நேரத்துக்கு 25. லைற், பம்ப், கைபேசி சேர்த்து 15. மொத்தம் நாளொன்றுக்கு 100. ஈய அமிலப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம். ஆகவே 200 அம்பியர்-மணி வேண்டும். லித்தியம் இரும்புப் பொஸ்பேற் என்றால் 80 வீதத்துக்கு மேல் எடுக்கலாம். 120 முதல் 150 போதும். லித்தியத்தை என்ஜின் பக்கம் வைக்க வேண்டாம். 45 பாகை செல்சியஸுக்கு மேல் அதைச் சார்ஜ் செய்வது கூடாது; கட்டிலுக்குக் கீழே நிழலில் இருக்கட்டும். ஈய அமிலம் என்றால் பெட்டியில் அடைத்து வெளியே புகைபோக்கி விடவேண்டும், அது ஐதரசன் கக்கும்.

பனல் 400 வாற் அளவுக்கு ஏற்கெனவே இருந்தால் இந்தத் தேவைக்கு அதுவே காணும். புதிதாகப் போடுவதைவிட, கூரையோடு ஒட்டிக் கிடக்கும் பனலை இரண்டு அங்குலம் உயர்த்திக் காற்றோட விடுங்கள். சூடு ஏற ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 வீதம் மின் குறைகிறது. பனை, தென்னைக்குக் கீழே நிறுத்துவதையும் விடுங்கள். ஓலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே வரத்து படுத்துவிடும். ஆடி ஆவணியில் பனம்பழம் விழுந்தால் பனலே போய்விடும்.

பிரிட்ஜுக்குப் போகும் வயரையும் பாருங்கள். வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் 1/1.13 போட்டிருந்தால் கழற்றி எறியுங்கள். ஐந்து மீற்றர் தூரத்துக்கு, போய்வரப் பத்து மீற்றர், 5 அம்பியர் ஓடினால் அந்த வயரிலேயே முக்கால் வோல்ற்றுக்கு மேல் தொலைந்துவிடும். பற்றரியில் 12.1 இருக்கும்போதே பிரிட்ஜ் 11.3 என்று கண்டு நின்றுவிடும். ஒற்றைக் கம்பி என்பதால் அதிர்வில் முறியவும் செய்யும். பல இழை கொண்ட வாகன வயர், 6 சதுர மில்லிமீற்றர் போடுங்கள். பற்றரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பிரிட்ஜ் பக்கத்தில் போட்டால், நடுவில் வயர் உரசிச் சோர்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

அமுங்கும் பலகைக்கு வருவோம். அது மழைக்கு முன் முடியவேண்டிய வேலை. ஐப்பசியில் வாடை திரும்பினால் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் மழையில் எந்த ஓட்டையும் தப்பாது. பலகையை மாற்றுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். யன்னலுக்குக் கீழே ஈரம் என்றால் யன்னல்தான் காரணம் என்றில்லை. கூரையில் பனலுக்குப் போட்ட ஸ்குரூ ஓட்டையிலிருந்து உட்சுவர் வழியே இறங்கியும் வரலாம்.

ஒருவர் உள்ளே ரோச்சோடு, மற்றவர் வெளியே ஹோஸோடு. கீழிருந்து மேலாகப் பிடிக்க வேண்டும்: முதலில் யன்னலின் கீழ் விளிம்பு, பத்து நிமிடம், பிறகு பக்கங்கள், பிறகு மேல் விளிம்பு, கடைசியாகக் கூரை. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடமும் ஓடி, எது ஒழுகியது என்று தெரியாமல் போகும். அமுக்க வோஷரால் அடிக்கவும் வேண்டாம். நல்ல இறப்பருக்கும் அது தண்ணீர் புகுத்திவிடும்.

ஊறிய பலகையை வெட்டி எடுத்தால், உள்ளே தகரத்தில் பெரும்பாலும் கறள் இருக்கும். கம்பித் தூரிகையால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை உரசி, கறள் மாற்றும் திரவம் பூசி, காய்ந்தபின் பிறைமர், அதற்கு மேல் பெயின்ற். கறளுக்கு மேல் பெயின்ற் அடித்துத் தந்தால் காசு கொடுக்காதீர்கள். வெப்பத்துக்கென்று கண்ணாடிப் பஞ்சு அடைத்திருந்தால் அதையும் எடுங்கள். ஒருமுறை நனைந்தால் அது மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். புதிதாக மரைன் பிளைவூட், வெட்டிய ஓரங்களுக்கு எப்பொக்சி. ஓட்டைகளை அடைக்கப் பொலியுறித்தேன் சீலன்ற். புளி மணம் வரும் சாதாரண சிலிக்கோன் வேண்டாம்: காயும்போது வெளிவிடும் அமிலம் தகரத்தை அரிக்கும், பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது.

பண்ணைப் பாலத்தாலோ கசூரினாக் கடற்கரைப் பக்கமோ போய்வந்தால், அன்றோ மறுநாளோ அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது கழுவாததைவிட மோசம். வில்லுத் தகடு, சசி மூலை, பற்றரியின் எர்த் வயர் பொருந்தும் இடம் ஆகியவற்றில்தான் உப்பு முதலில் பிடிக்கும்.

தண்ணீர் வரத்துக் குறைந்ததற்குக் காரணம் நமது சுண்ணாம்புக் கிணறாகத்தான் இருக்க வேண்டும். பம்புக்கு முன்னாலுள்ள வலைவடி, குழாய் வாய்ச் சல்லடை இரண்டையும் கழற்றி வினாகிரியில் ஓரிரவு ஊறவிட்டுத் துலக்குங்கள். வெள்ளைப் படிவு போனால் வரத்துத் திரும்பும். மணத்துக்கு வேறு மருந்து. தாங்கிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். வெள்ளைப் பிளாஸ்ரிக் என்றால் கறுப்புப் பெயின்ற் அடித்து மறையுங்கள். பிறகு 100 லீற்றர் தண்ணீருக்கு 5 வீத வீட்டுப் பிளீச் 100 மில்லிலீற்றர் கலந்து, ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, ஓரிரவு விட்டு, இரண்டு மூன்று தரம் அலசுங்கள். மிகக் கவனமாகச் செய்யவேண்டியது ஒன்று: வினாகிரி வேலையை முதலில் முடித்து, முழுதாகக் கழுவிய பிறகே பிளீச். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த பஸ்ஸுக்குள் அது உயிராபத்து.

கசெற் ரொயிலெற் (மலப்பெட்டியைக் கழற்றிக் கொட்டும் வகை) இருந்தால் வீட்டு மலக்குழியில் மட்டும் கொட்டுங்கள். கிணற்றடியிலோ பற்றையிலோ கொட்டினால் சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியே நேரே ஊர்க் கிணற்றுக்குப் போய்விடும். சிங்குத் தண்ணீருக்கும் இதே கதைதான்.

காஸ்: ஆம், பிழை. இப்போதிருக்கும் நிலையில் அதில் சமைக்க வேண்டாம். காஸ் காற்றைவிடப் பாரமானது. ஒழுகினால் தரையில் தேங்கி, கட்டிலுக்குக் கீழே பற்றரி இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும். 5 கிலோச் சிலிண்டர் உங்களுக்குத் தாராளம். அதற்கு வெளியே மட்டும் திறக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் அடியில் 10 சென்ரிமீற்றர் சதுரத் துவாரம், வலை அடித்து. துவாரம் சைலன்சர்ப் பக்கம் இருக்கக் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்து, பட்டியால் இறுக்கியிருக்க வேண்டும். சரிந்தால் திரவமே குழாய்க்குள் வரும். ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். ஓடும்போது சிலிண்டர் வாயை மூடுவது பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

நல்லூரடியில் நிறுத்தித் தங்கும் எண்ணமிருந்தால் விடுங்கள். திருவிழா நாட்களில் சுற்று வீதிகள் அடைபட்டிருக்கும்.

இனி மலை. யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓடும் வண்டியின் பிறேக்கை எதுவும் சோதிப்பதில்லை. ஏ9 வழியே கண்டி வரை வந்தாலும் பெரிய சோதனை இல்லை, அதற்கு மேல் நுவரெலியா போகும் பாதையிலுள்ள றம்பொடையில்தான் தெரியும். பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடம் கடந்தது சூட்டில் கொதித்துப் பெடல் இறங்கிவிடும். புறப்படமுன் மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எக்சோஸ்ற் பிறேக் (என்ஜின் புகைவழியை அடைத்து வேகம் குறைப்பது) இருந்தால் அதைப் பாவியுங்கள். எரியும் மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறும்போது தாங்கியில் கால்வாசித் தண்ணீர் போதும். ஒவ்வொரு லீற்றரும் ஒரு கிலோ.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். ஏழு வருடம் கடந்திருந்தால், பட்டன் (தரையில் தேயும் கட்டைகள்) எவ்வளவு உயரமாக இருந்தாலும் மலைக்கு அதோடு போகாதீர்கள்.

பஸ் என்று பதிவான வாகனத்தின் ஆசனங்களைக் கழற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் காப்புறுதியிலும் மாற்றிவிட்டீர்களா என்று பாருங்கள்.

நுவரெலியா இரவுக் குளிர் பிள்ளைகளுக்குப் பழக்கமாக இருக்கும், உங்களுக்கு இராது. குளிருக்கென்று காஸ் அடுப்பை எரியவிட்டு யன்னலை அடைத்துப் படுக்க வேண்டாம். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வந்து சுவரெல்லாம் வடியும்; காற்றுக் குறைந்தால் காபன் மொனொக்சைட் உண்டாகும், அதற்கு மணம் கிடையாது. கம்பளியை எடுத்துச் செல்லுங்கள். கூரைத் துவாரத்தை இரண்டு விரல் திறந்து விடுங்கள். மொனொக்சைட் அலாரம் ஒன்றைத் தலைமாட்டு உயரத்திலும், காஸ் அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும் பொருத்துங்கள்.