வாசகர் கேள்வி – பதில்: வளவுக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகளைப் படம்பிடித்தல்

கேள்வி: எங்கள் வளவில் வெட்சி பூத்ததிலிருந்து வண்ணத்துப்பூச்சிகள் நிறைய வருகின்றன. கிட்டப் போனால் பறந்துவிடுகின்றன. தூர நின்று கைத்தொலைபேசியில் பெரிதாக்கி எடுத்தால் படம் மங்குகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கல்லடி

பதில்: தொலைவுக்கென்று தனி வில்லை இல்லாத தொலைபேசியில் திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கும்போது, படத்தின் நடுப்பகுதி வெட்டி எடுக்கப்பட்டுப் பெருப்பிக்கப்படுகிறதே தவிர, புதிதாக எந்த நுணுக்கமும் வந்து சேர்வதில்லை. ஆகவே கிட்டப் போகத்தான் வேண்டும். அதற்கு விலை கூடிய கமராவைவிடச் சரியான நேரமே உதவும். இரவில் குளிர்ந்துபோன பறப்புத் தசைகள் சூடேறும் வரை வண்ணத்துப்பூச்சி இலைமேல் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நமது கிழக்குக் கரையில் சூரியன் 6 மணியளவிலேயே எழுந்துவிடுவதால், வெயில் செடிகளில் விழத் தொடங்கும் முதல் ஒரு மணித்தியாலம் உங்களுக்குரியது. கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் பூங்கொத்துகள் ஓயாமல் ஆடுவதால், காற்று எழுமுன் எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

உங்கள் நிழல் பூச்சியின்மேல் விழாதவாறு சூரியனைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, குனிந்து, மெல்ல நெருங்குங்கள். திடீர் அசைவுதான் அதை விரட்டும். திரையில் பூச்சியின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான தொலைபேசிகளில் குவியம் அங்கேயே நிலைத்துவிடும். விரிந்த இறக்கையோ மூடிய இறக்கையோ, தொலைபேசியை அதற்கு இணையாகப் பிடித்தால் முழு இறக்கையும் தெளிவாக விழும். வெள்ளை, மஞ்சள் பூச்சிகளுக்கு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். பின்னணியை மங்கலாக்கும் ‘போர்ட்ரெயிட்’ முறை உணர்கொம்புகளையும் சேர்த்து விழுங்கிவிடும் என்பதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிவரும், கறுப்பில் சிவப்புப் புள்ளிகள் கொண்ட வண்ணத்துப்பூச்சியை மேலிருந்து படமெடுத்தேன். ‘கிரிம்சன் ரோஸ்’ என்கிறார் ஒருவர். இல்லை என்கிறார் இன்னொருவர். எது சரி?
– வாசகர், கல்முனை

பதில்: மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்வது கடினம், ஆனால் கறிவேப்பிலையைச் சுற்றியது என்பதால் அது ‘கொமன் மோர்மன்’ இனத்துப் பெண்ணாகவே இருக்க வேண்டும். அது முட்டையிடுவது கறிவேப்பிலையிலும் தேசியிலும். கிரிம்சன் ரோஸின் புழுவோ பெருமருந்துக் கொடி வகையைத் தின்று, அதன் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால், பறவைகள் அந்த இனத்தை ஒதுக்குகின்றன. நஞ்சில்லாத மோர்மன் பெண்களில் ஒரு வகை அதே நிறக்கோலத்தைப் பூண்டு தப்பிக்கிறது. வேறொரு வகைப் பெண் இன்னொரு நச்சு இனத்தை ஒத்திருக்கும். மூன்றாவது வகை தன் ஆணைப் போலவே இருக்கும். ஒரே இனத்துப் பெண்களின் இந்த வேறுபட்ட உருவங்களை 1865 இலேயே இயற்கையியலாளர் அல்பிரட் ரசல் வாலஸ் எழுதினார். இதை ஆளும் மரபணுவை 2014 இல் ஆய்வாளர்கள் இனங்கண்டனர்.

இறக்கை ஏமாற்றினாலும் உடல் ஏமாற்றாது: கிரிம்சன் ரோஸின் உடல் சிவப்பு, மோர்மனுடையது கறுப்பு. ஆகவே அடுத்த முறை குந்தியிருந்து, வயிறு தெரியும்படி பக்கவாட்டில் எடுங்கள். இவ்விரண்டும் தேன் குடிக்கும்போதுகூட இறக்கையடிப்பதை நிறுத்துவதில்லை என்பதால், நல்ல வெயிலில், தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கமராவின் ‘ஷட்டர்’ வேகத்தை நீங்களே தெரிவுசெய்ய முடியுமானால் 1/1000 செக்கன் போதும்.

கேள்வி: தொலைபேசியில் கௌவவைக்கும் உருப்பெருக்கி வில்லையை வாங்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பறக்கும் பூச்சிக்காக வாங்க வேண்டாம், அவ்வில்லைகளில் பல, சில சென்ரிமீற்றர் தூரத்தில்தான் தெளிவு தரும், அவ்வளவு நெருக்கத்தைப் பூச்சி பொறுக்காது. தேசி இலையிலுள்ள முட்டைக்கும், பறவை எச்சம் போலத் தோன்றும் இளம் புழுவுக்கும் அது மிக நன்று (மருந்து அடித்துவிடாமல் ஓரிரு கிளைகளை விட்டுவைத்தால்). கூட்டிலிருந்து வெளிவந்து இறக்கை காயும்வரை தொங்கும் வண்ணத்துப்பூச்சியையும் அதனால் எடுக்கலாம். அப்போது கிளையை அசைக்காதீர்கள், விழுந்தால் இறக்கை கோணியபடியே காய்ந்துவிடும்.