அப்பாவோட எம்ஆர்ஐ சிடிலேருந்து பத்திரம் வச்ச இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

நீடாமங்கலம் பக்கத்துலேருந்து ஒரு வாசகி கேக்கறாங்க: "அப்பாவுக்கு 72 வயசு. ஐப்பசில ஸ்ட்ரோக் வந்துச்சு. இப்ப நடக்கறாரு, ஆனா பேச்சு குழறுது, ஞாபகமும் தடுமாறுது. ஒன்றரை ஏக்கர் நஞ்சையோட ஒரிஜினல் பத்திரத்தை எங்க வச்சாருன்னு சொல்லத் தெரியலை. யாருக்கோ புரோநோட்டு எழுதி வாங்கிட்டு பணம் வேற குடுத்திருக்காரு, பேரு வரமாட்டேங்குது. துபாய்ல இருக்கற அண்ணன், ஏஐ மூளையைப் படிச்சு படமா காட்டுதுன்னு ஒரு வீடியோ அனுப்பிச்சாரு. ஆஸ்பத்திரில குடுத்த எம்ஆர்ஐ சிடி கையில இருக்கு, அதுலேருந்து எடுக்க முடியுமா? ஒரு சென்டர்ல 'பிரைன் மேப்பிங்' பண்ணா தெரிஞ்சுடும்னு பெரிய தொகை கேக்கறாங்க, கட்டலாமா?"

கட்டாதீங்கம்மா. அதை முதல்லயே சொல்லிடறேன், காரணம் கொஞ்சம் நீளம்.

உங்க கையில இருக்கற சிடில மூளையோட உருவம் மட்டும்தான் இருக்கு. எந்த இடத்துல ரத்தம் போகாம செத்துப்போயிருக்கு, எங்க வீக்கம், எங்க சுருக்கம்னு டாக்டர் பாக்கறதுக்காக, அப்பாவை ஆடாம அசையாம படுக்க வச்சு எடுத்தது. அவரு அந்த நேரத்துல என்ன நினைச்சாருங்கறது கூட அதுல பதிவாகாது, அப்பறம் எப்பவோ பத்திரம் வச்ச ஞாபகம் எப்படி இருக்கும்? எந்த ஏஐகிட்ட குடுத்தாலும் இல்லாததை எடுக்க முடியாது.

அண்ணன் அனுப்பிச்ச வீடியோ பொய்யா இருக்கணும்னு இல்லை, ஆனா அதுல வர்ற ஸ்கேன் வேற. அதுக்குப் பேரு எஃப்எம்ஆர்ஐ. மெஷின் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா ஆளுக்கு ஒரு வேலை குடுத்து, அதைப் பண்ணும்போதே ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை மாதிரி திரும்பத் திரும்ப படம் எடுத்துக்கிட்டே இருப்பாங்க. அதுவும் நரம்பு பேசறதை நேரா கேக்கறதில்லை, எந்த இடத்துக்கு ஆக்சிஜன் உள்ள ரத்தம் கூடுதலா வருதுன்னுதான் பாக்குது, அந்த ரத்தம் வந்து உச்சம் தொடறதுக்கே அஞ்சு செகண்ட் ஆகும், ரெண்டு மூணு மில்லிமீட்டர் கட்டம் ஒண்ணுக்குள்ள லட்சக்கணக்கான நரம்பு செல்லு இருக்கும். மேட்டூர் தொறந்தப்பறம் எந்தெந்த வாய்க்கால்ல தண்ணி ஓடுதுன்னு உசரத்துலேருந்து பாத்துட்டு, எந்த வயல்ல யாரு என்ன விதை விட்டாங்கன்னு சொல்லச் சொன்னா எப்படியோ அப்படி.

அப்ப அவங்க எப்படி படம் வரைஞ்சாங்க? பழக்கி வச்சுத்தான். 2023-ல ஜப்பான்ல ஒசாகாக்காரங்க, ஸ்கேன் டேட்டாவை வச்சு அந்த ஆளு பாத்த படத்தை ஏஐ மூலமா திரும்ப வரைஞ்சு காட்டினாங்க, உலகம் முழுக்க பரவுச்சு. அந்த டேட்டா, ஒவ்வொருத்தரையும் 30, 40 தடவை 7 டெஸ்லா (டெஸ்லாங்கறது காந்த பலத்தோட அளவு) மெஷின்ல படுக்க வச்சு, 9,000 - 10,000 படம் காட்டி சேத்தது. நம்ம ஆஸ்பத்திரிகள்ல இருக்கறது பெரும்பாலும் 1.5, இல்லன்னா 3 டெஸ்லா. அதோட அது கண்ணால பாத்துக்கிட்டிருந்த படம், ஞாபகம் இல்லை. அதே 2023-ல அமெரிக்காவுல டெக்சாஸ் யுனிவர்சிட்டிக்காரங்க, காதுல கேக்கற கதையோட சாராம்சத்தை ஓரளவுக்கு எடுத்தாங்க. அதுக்கு ஒவ்வொரு ஆளும் 16 மணி நேரம் உள்ள படுத்து கதை கேட்டாங்க, ஒருத்தருக்குப் பழக்கினது இன்னொருத்தருக்கு வேலைக்காகலை, மனசுக்குள்ள மிருகங்க பேரைச் சொல்லிக்கிட்டிருந்தாலே சாராம்சம் கலைஞ்சுபோச்சு.

ஞாபகத்தையே எடுத்த சோதனையும் இருக்கு, உங்க கேள்விக்கு ரொம்ப நெருக்கமானது அதுதான். 2010-ல லண்டன்ல மூளை ஆராய்ச்சியாளர் எலினார் மெக்வயர் குழு மூணே மூணு குட்டி வீடியோ காட்டினாங்க, ஒவ்வொண்ணும் 7 செகண்ட். அப்பறம் ஸ்கேனருக்குள்ள அதை ஒவ்வொண்ணா பல தடவை நினைச்சுப் பாக்கச் சொன்னாங்க. ஹிப்போகாம்பஸ்னு ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி ஒண்ணு இருக்கு, அதோட பேட்டர்னை வச்சு, இப்ப நினைக்கறது மூணுல எதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சு, எப்பவும் சரியா இல்லை, குருட்டாம்போக்குல சொல்றதை விடக் கூடுதலா சரியா சொல்லுச்சு. இதுல ஒண்ணைக் கவனிங்க: நினைக்கற ஆளுக்கு அந்த வீடியோ ஞாபகம் இருக்கு, சோதனை பண்றவங்களுக்கும் அது என்னன்னு முன்னாடியே தெரியும். உங்க வீட்டுல ரெண்டுமே இல்லை. அப்பாவால நினைக்க முடியலைன்னா மெஷினுக்குப் பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் ஓடாது. நினைக்க முடிஞ்சிட்டா மெஷினே வேணாம், உங்ககிட்ட கையைக் காட்டிடுவாரு.

இன்னொரு வில்லங்கமும் இருக்கு. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டுல, முன்னாடி பாத்த முகத்தையும் பாக்காத முகத்தையும் கலந்து காட்டி ஸ்கேன் எடுத்தாங்க. கம்ப்யூட்டர் நல்லா கண்டுபிடிச்சது 'பாத்திருக்கேன்'னு அந்த ஆளு நம்பறதைத்தான், நிஜமாவே பாத்தாரா இல்லையாங்கறதுல தடுமாறுச்சு. தப்பான ஞாபகமும் ஞாபகம் மாதிரியேதான் தெரியும்.

'பிரைன் மேப்பிங்' விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பேருல நடக்கறது பெரும்பாலும் இஇஜி, தலையில வயரு ஒட்டி மின் அலை பாக்கறது. வலிப்புக்கு இஇஜி அருமையான டெஸ்ட், அதைக் குறை சொல்லலை. போலீஸ் கேஸ்ல இதே பேரு அடிபடும், அதுல தெரிஞ்ச பொருளைக் காட்டினா ஏறக்குறைய 300 மில்லி செகண்ட்ல ஒரு அலை எழும்புதான்னு பாப்பாங்க. அதுக்கு என்ன காட்டணும்னு கேக்கறவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். 2010-ல செல்வி வழக்குல சுப்ரீம் கோர்ட், நார்கோ (மருந்து குடுத்து பேச வைக்கறது), பாலிகிராஃப் (பொய் கண்டுபிடிக்கற மெஷின்), பிரைன் மேப்பிங் எதையும் ஒருத்தரோட சம்மதம் இல்லாம பண்ணக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அது விசாரணைக்கான தீர்ப்புதான், ஆனா அப்பா தலையில வயரு வைக்கறதுக்கு முன்னாடி யாராவது அவரைக் கேட்டாங்களான்னு நீங்களும் யோசிக்கணும்.

சரி, என்ன பண்ணலாம்? அப்பாவுக்குப் போனது ஞாபகமா, பேச்சான்னு முதல்ல பிரிக்கணும். ஸ்ட்ரோக்குல நிறைய பேருக்கு விஷயம் உள்ள பத்திரமா இருக்கும், வார்த்தை மட்டும் வாயில வராது, வீட்டுல எல்லாரும் 'மறந்துட்டாரு'ன்னு முடிவு கட்டிடுவாங்க, அந்த மனுஷனுக்கு அதைவிட வேதனை கிடையாது. நியூராலஜிஸ்ட்கிட்ட கேட்டு ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்க, அந்த சென்டருக்குப் போற காசு இதுக்குப் போகட்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இதெல்லாம் கூட ஞாபகத்தை இழுக்கும், சரி பண்ணக்கூடியது, அதையும் பாக்கச் சொல்லுங்க.

"எங்க வச்சீங்க"ன்னு கேக்காதீங்க. தானா எடுத்துச் சொல்றது கஷ்டம், பாத்து அடையாளம் காட்டறது சுலபம். காலைல சாப்பிட்டு தெம்பா இருக்கற நேரத்துல, பழைய வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. பத்தாயம், பரண், டிரங்குப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னாடின்னு ஒவ்வொண்ணா அவரையே தொட விடுங்க, தலையாட்டினா போதும். வருஷம் கேட்டா வராது, நடப்பை வச்சுக் கேளுங்க: கஜா புயல்ல ஓடு பறந்தப்ப பெட்டியை எங்க மாத்தினீங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா, அந்த மாதிரி. பேருக்கும் அதே வழிதான், கூட வயல் பாத்தவங்க, பால் சொசைட்டி ஆளுங்க போட்டோவை ஒவ்வொண்ணா காட்டுங்க.

ஆனா "முருகேசன் மாமாகிட்டதானே குடுத்தீங்க"ன்னு பேரை நீங்களே எடுத்துக் குடுக்காதீங்க. அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-ல வெளியிட்ட சோதனையில, சின்ன வயசுல கடைத்தெருவுல தொலைஞ்சுபோனதா நடக்காத ஒண்ணைச் சொன்னதுக்கே, நாலுல ஒருத்தர் ஆமான்னு ஏத்துக்கிட்டாங்க, அவங்க எல்லாம் திடகாத்திரமான ஆளுங்க. நாலு தடவை ஒரே பேரைச் சொல்லிக் கேட்டா அப்பாவுக்கு அதுவே ஞாபகமா உக்காந்துடும், ஊர்ல பகைதான் மிஞ்சும்.

பத்திரத்துக்கு அப்பாவோட மூளையையே நம்பியிருக்க வேணாம். சர்வே நம்பரை வச்சு பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க, பத்திர நம்பர் கிடைச்சா சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் வாங்கலாம். பதிவு பண்ண அடமானம் இருந்தா அதுவும் அதுலயே வரும், பத்திரம் பாங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ கிடக்கற கதையும் நம்ம பக்கம் உண்டு. பூர்வீக நிலமா இருந்தா அப்பா பேருல பத்திரமே இருக்காது, தாத்தா பேருல பாகப்பிரிவினை தேடுங்க. ஒரிஜினல் தொலைஞ்சதுதான்னு ஆச்சுன்னா ஸ்டேஷன்ல புகார், பேப்பர்ல விளம்பரம்னு அதுக்கு வழி இருக்கு.

அவசரம் புரோநோட்டுதான். எழுதின தேதியிலேருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், இடையில வட்டியோ அசலோ கட்டி நோட்டுக்குப் பின்னாடி வரவு எழுதி கடன் வாங்கினவரு கையெழுத்துப் போட்டிருந்தா அன்னிலேருந்து 3 வருஷம். அதனால நோட்டு கிடைச்சதும் முன்பக்கத்தோட நிறுத்தாம திருப்பிப் பாத்துட்டு, அப்படியே வக்கீல்கிட்ட எடுத்துட்டுப் போங்க.