ஆச்சி பதில்கள்: தக்கயாமாவில் இறங்காதீர்கள்

மகன் ஜப்பானில், நகோயாவில் வேலை பார்க்கிறான். ஏப்ரலில் எங்கள் இருவரையும் வரச் சொல்கிறான். பெருநகரக் கூட்டம் எங்களுக்கு ஒத்துவராது. சிற்றூர் ஏதாவது சொல்லுங்கள், ஆச்சி.
- ஒரு வாசகி, காரைக்குடி

ஹிடா ஃபுருக்காவாவுக்குப் போங்கள். மகள் நகோயாவில் இருந்தபோது நான் பார்த்துவந்த ஊர். ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். கூட்டமெல்லாம் தக்கயாமாவில் இறங்கிவிடும். நீங்கள் இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். தக்கயாமாவோடு நிற்கும் வண்டிகளும் உண்டு, கேட்டு ஏறுங்கள். 2004இல் அக்கம்பக்கத்தைச் சேர்த்து ஹிடா நகரம் ஆக்கினார்கள். பெயர்தான் நகரம்; கடைத்தெருவைக் கானாடுகாத்தான் வீதிபோல நடந்தே முடித்துவிடலாம்.

வெள்ளைச் சுவர்ப் பண்டகசாலைகளை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று 1968இல் அதில் கெண்டை மீன்களை விட்டார்கள். பனிக்காலத்தில் அவற்றைப் பிடித்துக் குளத்தில் விட்டு, ஏப்ரலில் திரும்பக் கொண்டுவருகிறார்கள். நம் ஊருணிகளை நினைத்துக்கொண்டேன், வேறென்ன சொல்ல.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வீடுகளின் கூரைக்கு அடியில். ஹிடா ஏழை மலைநாடு. 8ஆம் நூற்றாண்டில் வரிக்குப் பதிலாக அரசு அங்கிருந்து தச்சர்களை வாங்கிக்கொண்டது: 50 வீட்டுக்குப் 10 ஆள், தலைநகரில் ஓராண்டு வேலை. அந்தத் தச்சு இன்றும் ஊரில் இருக்கிறது. கூரையைத் தாங்கும் கட்டையின் நுனியில், சுழித்த மேகம்போல ஒரு செதுக்கல். அதன்மேல் வெள்ளைப் பூச்சு. ‘குமோ’, அதாவது மேகம், என்கிறார்கள். ஆசாரிக்கு ஆசாரி சுழிப்பு மாறும். அதைப் பார்த்தே இது இன்னார் கட்டிய வீடு என்று சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டு நிலைக்கு மேலே கஜலட்சுமி இருக்கிறாள். யானையின் துதிக்கையில் மடிப்பு மடிப்பாக உளி ஓடியிருக்கும். பர்மாத் தேக்குக்கு என்ன விலை, வண்டிக்கூலி எவ்வளவு, எல்லாம் அப்பச்சியின் கணக்கு நோட்டில் இருக்கிறது. செதுக்கியவர் பெயர் இல்லை. ‘தச்சுக்கூலி’ என்று ஒரே வரி. குமோவை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 19, 20இல் திருவிழா. முதல் நாள் இரவுக் குளிரில், ஆண்கள் இடைத்துணியோடு பெரிய முரசைத் தூக்கி வருவார்கள். அறையை இப்போதே பிடிக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?
- அதே வாசகி

சூப் என்று வருவதில் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும். மகனை விட்டு ஒவ்வொரு தடவையும் கேட்கச் சொல்லுங்கள். சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, இனிப்பும் உப்புமாக ஏதோ தடவிச் சுட்டுத் தருவார்கள், கொஹேமொச்சி என்று. நான் இரண்டு தின்றேன். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

நியூட்ரினோ ஆய்வகம் அந்தப் பக்கந்தானே?
- ஓர் இயற்பியல் ஆசிரியர், தேவகோட்டை

அதே ஹிடா நகரத்தின் காமியோக்காவில், பழைய சுரங்கத்தில், 1000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நியூட்ரினோ என்ற நுண்துகளைக் கண்டறியத் தொட்டியில் 50,000 டன் தண்ணீர். அங்கே நடந்த ஆய்வுக்காகத்தான் 2015இல் தக்காக்கி கஜித்தாவுக்கு நோபல் பரிசு. நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. காமியோக்காவில் சாலையோரம் அதற்கென்று ஒரு காட்சியகம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது. நீங்கள் போய்வந்து மீதியை எழுதுங்கள்.